ரஷ்யக் குழுவின் கோல்கீப்பர் பரமசிவம்

பரமசிவம் போய்விட்டார் என்று தொலைபேசியில் செய்தி வந்தபோது நான் மனைவியின் பூப்போட்ட நைட்டியில் நின்றுகொண்டிருந்தேன். என் லுங்கிகள் எல்லாம் சலவை இயந்திரத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. மான்ட்ரியலில் இந்தக் கோலத்தில் துக்கச் செய்தி கேட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இங்கே கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் எங்கள் கட்டடத்தில் குடியிருந்த உங்களுக்கு அவரை உலோகப் பொறியாளராகத் தெரியும். அவர் மனைவி ஒரே ஒரு பனிக்காலத்தைப் பார்த்துவிட்டுத் திருச்சிக்கே திரும்பியதும் தெரியும். அதைப் பற்றி நாம் பேசாத வம்பா? அறுபதுகளின் கடைசியில், இங்கே குடியேறிய ரஷ்யர்கள் சிலர் கால்பந்துக் குழு ஒன்றைத் தொடங்கினார்கள். அதில் அவர் கோல்கீப்பராகச் சேர்ந்தது பேச்சுத்துணைக்காக. ஆராய்ச்சிக் கட்டுரைகள் படிக்க ரஷ்ய மொழி கற்றிருந்தார். தெரிந்ததெல்லாம் உருக்காலைச் சொற்கள். எதிரணி நெருங்கினால், "அழுத்தம் அபாய அளவைத் தாண்டுகிறது" என்று ரஷ்ய மொழியில் கத்துவார். தடுக்க வேண்டியவர்கள் சிரித்து முடிப்பதற்குள் கோல் விழுந்திருக்கும்.

ஆட்டத்துக்குக் கிளம்பும் முன் எல்லோரும் ஒரு நிமிடம் பேசாமல் உட்கார்ந்துவிட்டுத்தான் எழ வேண்டும். அது ரஷ்யர்களின் வழக்கம். அவருக்கு டொராண்டோவில் பெரிய வேலை கிடைத்தபோது, "போங்க சார்" என்றேன்.

"சனிக்கிழமையானா என்கூட உட்கார பத்து பேர் இருக்காங்கய்யா. அங்க யாரு இருக்கா?"

போகவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில், ஓர் இலையுதிர்காலத்தில், குழுவைக் கலைத்துவிட்டதாகக் காப்டன் செர்கேய் வந்து அவரிடம் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை பரமசிவத்தின் வீட்டுக்குப் போனேன். அரைக்கால்சட்டை, கையுறை, நூல் கட்டிய மூக்குக்கண்ணாடி சகிதம் சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

"எங்க சார் கிளம்பிட்டீங்க?"

"எங்கயும் இல்ல. நீ உக்காரு."

உட்கார்ந்தேன். நிமிடம் முடிந்தது. கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கடைசிவரை சனிக்கிழமைகள் அவருக்கு அப்படித்தான் கழிந்தன.

அந்தக் கையுறை இப்போது என்னிடம் இருக்கிறது. வாசலில் பனி தள்ளும்போது போட்டுக்கொள்கிறேன். குளிருக்கு உதவவில்லை; கழற்றவும் மனமில்லை.

தகனத்துக்குச் செர்கேய் வந்திருந்தார். "குழு கலைந்த பிறகு மனிதர் ஒடுங்கிப்போய்விட்டார்" என்றேன். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உண்மையைச் சொன்னார். குழு அப்போது கலையவில்லையாம். நதிக்கு அக்கரையில், வேறொரு கோல்கீப்பரை வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு கோடைகள் ஆடினார்களாம். 'நீங்கள் வேண்டாம்' என்று முகத்துக்கு நேரே சொல்ல மனம் வராமல்தான் அந்தப் பொய்.

அந்தக் கோல்கீப்பரும் ஒரு பந்தையும் பிடிக்கவில்லையாம்.