மக்குப் பரீட்சை

ஆந்தை என்ற பெயரை அவனுக்கு வைத்தவர் அணியின் பஸ் ஓட்டுநர். பந்து காலுக்கு வரும் முன்பே இடப்பக்கம் ஒரு தடவை, வலப்பக்கம் ஒரு தடவை, மறுபடி இடப்பக்கம் என்று தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருப்பான். "பின்னாடி பாக்குற கண்ணாடி இவன் கழுத்துலயே இருக்கு. சரியான ஆந்தை," என்றார் ஓட்டுநர். அதன் பிறகு சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது அக்கா ஒருத்திதான்.

அவனுக்கு வேகம் கிடையாது, உயரமும் கிடையாது. நடுக்களத்தில் பன்னிரண்டு வருஷம் ஆடி அடித்த கோல்கள் பதினொன்று. அதில் இரண்டு, எதிராளியின் முதுகில் பட்டு உள்ளே போனவை. முதுகுக்குப் பின்னால் எவன் வருகிறான், எங்கே இடம் இருக்கிறது என்று மற்றவர்களுக்கு முன்னால் தெரிந்துகொள்வான். பந்தை அங்கே தள்ளிவிடுவான். அவன் பிழைப்பு முழுக்க அந்தக் கழுத்தில்தான் இருந்தது.

இரண்டு சின்ன கிளப்புகளில் ஆடிவிட்டு, இருபத்து நாலு வயதில் இந்தப் பெரிய கிளப்புக்கு வந்தான். வந்த முதல் வாரமே ஒரு சோதனை. மருத்துவ அறையில் கணினி முன்னால் உட்கார வேண்டும். சொற்களைக் காட்டி மறைப்பார்கள், ஞாபகமாகச் சொல்ல வேண்டும். நிறம் மாறியதும் பொத்தானை அழுத்த வேண்டும். நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் வரும். பிறகு ஆட்டத்தில் தலையில் அடிபட்டால் அதே சோதனையை மறுபடி வைப்பார்கள். மதிப்பெண் குறைந்திருந்தால் வாரக்கணக்கில் வெளியே உட்கார வேண்டியதுதான்.

கதவருகே அவனை மடக்கியவன் கோல்கீப்பர். "டேய் புதுசு, புத்திசாலித்தனமா எழுதி வச்சுடாதே. இன்னிக்கு மக்கு மாதிரி எழுது. நாளைக்கு மண்டையில அடிபட்டாலும் அதே மார்க்குதான் வரும். எவனும் உன்னை உக்கார வைக்க முடியாது."

"டாக்டர் கண்டுபிடிக்க மாட்டாரா?"

"அவரா? அவருக்குத்தான் முதல்ல தெரியும்."

உண்மைதான். ஒவ்வொரு வருஷமும் சோதனை முடிந்து மதிப்பெண் தாள்களை அடுக்கும்போது டாக்டர் சிரிப்பார். "என்னப்பா, இந்த வருஷமும் மொத்த டீமும் மக்கா?" என்று கேட்டுக் கண்ணடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். அணிக்குள் அதற்கு மக்குப் பரீட்சை என்றே பெயர். ஆந்தை ஏழு வருஷம் அதை எழுதினான். ஐம்பத்தெட்டுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வதில் அவனுக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

கோல்கீப்பர் அந்த ஏழு வருஷமும் வெளியூர் ஆட்டங்களில் அவனுடைய அறைத்தோழன். ஆந்தையின் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று நாள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன். அம்மா போன பிறகு அக்காவை அவனும் அக்கா என்றே கூப்பிட்டான்.

அடியும் அவன் கையால்தான் விழுந்தது. ஒரு கார்னர் பந்தைக் குத்த எகிறி வந்தவனின் கைமுட்டி, ஆந்தையின் நெற்றிப்பொட்டில் இறங்கியது. வேண்டுமென்று செய்ததில்லை. அப்படி யாரும் சொல்லவும் இல்லை. தலையில் அடிபட்டவனை அன்றைக்கு மறுபடி விளையாட விடக் கூடாது என்பது விளையாட்டு மருத்துவத்தில் எவருக்கும் தெரிந்த விதி. ஆனாலும் அவனுக்கு அப்போதே உடைமாற்றும் அறையில் சோதனை வைத்தார்கள். ஐம்பத்தேழு வந்தது. "வழக்கம்போலத்தான் இருக்கே, போ," என்றார் டாக்டர். பாதி ஆட்டத்துக்கு மேல் ஆடினான். அதற்கப்புறம் ஆறு ஆட்டம்.

ஆறாவது ஆட்டத்தில் இடப்பக்கம் தலையைத் திருப்பினால் மைதானம் கொஞ்சம் தாமதித்துத் திரும்பியது. பந்து வந்து காலில் பட்டுப் போனது. கூட்டம் சிரித்தது.

கண்டுபிடித்தது அக்காதான். முதியோர் இல்லத்தில் இருபது வருஷம் வேலை பார்த்தவள். சமையலறையில் அவன் திரும்பும்போதெல்லாம் சுவரைத் தொடுவதைப் பார்த்தாள். அடுத்த நாள் காலையில் வெளி டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். மூளையில் அடி, சரியாகாமலே மேலும் மேலும் குலுங்கியிருக்கிறது, இனி பந்தாட்டம் கிடையாது என்றார் அவர்.

அவன் கிளப்பிடம் கேட்டது ஒன்றே ஒன்று. இது இங்கே, ஆட்டத்தில் ஆனது என்று எழுதித் தர வேண்டும்.

கூட்ட அறையில் நீள மேஜை. செயலாளர், டாக்டர், எதிரே அவனும் அக்காவும். டாக்டர் ஏழு தாள்களை வரிசையாகப் பரப்பினார்.

"பாருங்க. வந்த வருஷமே ஐம்பத்தஞ்சு. அவருக்கு ஆரம்பத்துலேர்ந்தே இப்படித்தான். இங்க ஆனதுன்னு எப்படி எழுதுறது?"

"வேணும்னே குறைச்சு எழுதினோம் டாக்டர். உங்களுக்கே தெரியும்."

"எனக்கா? எனக்கு என்னப்பா தெரியும்?"

கோல்கீப்பரைக் கூப்பிட்டார்கள். அந்த மாதம்தான் அவனைக் கோல்கீப்பர்களுக்குப் பயிற்சியாளராகப் போட்டிருந்தார்கள். மார்பில் புது அடையாள அட்டை.

"குறைச்சு எழுதச் சொல்லிக் குடுத்தீங்களா?" என்றார் செயலாளர்.

அவன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்படியெல்லாம் யாரும் பேசினதில்ல சார்."

அக்கா நாற்காலியை நகர்த்தினாள். "ஏன்டா, என் கையால சாப்பிட்ட வாயா அது?"

அவன் அட்டையைச் சட்டைக்குள் செருகினான்.

ஆந்தைக்கு முகம் சூடானது. "இப்பவே சோதனை வைங்க. உண்மையா எழுதறேன். நான் மக்கு இல்லைன்னு தெரிஞ்சுடும்," என்றான். அக்கா அவன் முழங்கையை அழுத்தினாள். எந்த நிலைமையில் இருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். அவன் கேட்கவில்லை.

மருத்துவ அறை, அதே கணினி. ஏழு வருஷத்தில் முதல் தடவையாகப் பல்லைக் கடித்துக்கொண்டு முழு மூச்சாக எழுதினான். சொற்கள் வந்தன, மறைந்தன. பன்னிரண்டில் ஐந்து மட்டும் மனசில் நின்றன. நிறம் மாறுவதைப் பார்த்தான். விரல் பின்னால் வந்தது.

அறுபது.

"போன தடவையைவிட மூணு கூட," என்றார் டாக்டர். "முன்னேறித்தான் இருக்காரு." தாளை எட்டாவதாக அடுக்கினார்.

தாழ்வாரத்தில் பின்னாலிருந்து கோல்கீப்பரின் குரல் வந்தது. "டேய் ஆந்தை, எனக்கும் ரெண்டு பிள்ளைங்கடா. ஒரு நிமிஷம் நில்லுடா."

பன்னிரண்டு வருஷம் பின்னால் பார்க்காமல் ஓரடி வைத்ததில்லை அவன். இப்போது திரும்புவதென்றால் நின்று, சுவரைப் பிடித்து, உடம்பு முழுவதையும் மெல்லத் திருப்ப வேண்டும். அவ்வளவு பாடுபட்டுப் பார்க்க அங்கே என்ன இருக்கிறது?

"படி வருது. கைப்பிடியைப் பிடி," என்றாள் அக்கா.

வீட்டில் சுவரில் ஒரு எழுத்தைப் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறாள். அதிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை இடமும் வலமும் திருப்ப வேண்டும். தலைசுற்றலுக்கு வெளி டாக்டர் சொன்ன பயிற்சி. காலையில் பத்து, மாலையில் பத்து, எத்தனை ஆனது என்று நோட்டில் எழுத வேண்டும். அவள் அடுப்படியிலிருந்து கத்துவாள்.

"எத்தனை ஆச்சு?"

அவன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு அறை நிற்கும் வரை காத்திருப்பான்.

"நாலுதான்க்கா."

"சரி, நாலுன்னே எழுதிக்கோ."