செத்த ஹைட்ரோஸ்

தீப்பெட்டி எதுவும் பக்கத்தில் இல்லை. பட்டது தண்ணீர்தான். அதில்தான் புகைந்தது. லேப் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

நல்லூர்ப் பக்கம் ஒரு டையிங்கில், அதாவது சாயப் பட்டறையில், நான் லேப் ஹெல்பர். எக்ஸ்போர்ட் ஆர்டர் குவிந்த காலம். ஹைட்ரோஸ் என்பது கலர் உரிக்கிற மருந்து. வெள்ளைப் பொடி. சாயம் தப்பாய்ப் பிடித்த துணியை அதில் ஓட்டினால் வெளுத்துவிடும். அதற்குச் சத்து போய்விட்டால் "செத்துப்போச்சு" என்போம்.

1. டிரம்

மூடி சரியில்லாத ஒரு டிரம்மில் சாரல் பட்டுவிட்டது. அடியில் கால்வாசி மருந்து இருந்தது. சாம்பிள் எடுத்து டெஸ்ட் போட்டோம். கலர் இறங்கவில்லை.

"செத்துப்போச்சுங்க மேடம்" என்றேன்.

கெமிஸ்ட் மேடம் சேலத்துக்காரர். "தனியா வைங்கண்ணா. தண்ணியில கொஞ்சங்கொஞ்சமா கரைச்சுத்தான் வெளிய விடணும்" என்றார். டிரம்மை லேப் வாசலில் ஓரமாக வைத்தேன்.

அன்றைக்குத் துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் வருவதாக இருந்தது. முதலாளி ஒரு சுற்று வந்தார்.

"ஏனுங்க அம்மணி, செத்ததைக் கொண்டாந்து வாசல்ல கெடத்தியிருக்கறீங்க? பையர் பாத்தா எழவூடுன்னு நெனைச்சுக்குவானுங்க."

மேடம் வாய் திறப்பதற்குள் முதலாளி ஆள் விட்டுத் தூக்கச் சொன்னார். வேஸ்ட் துணி ஷெட் வாசலில் வைத்தார்கள். "செத்த மருந்து" என்று அங்கே சொல்லிவிட்டும் போனார்கள்.

2. டிபன் தண்ணி

ஷெட்டில் துணி பிரிக்கிறவள் ஜெபமணி. தூத்துக்குடிப் பக்கம். சாப்பிட்டு டிபன் பாக்ஸைக் கழுவி, அந்தத் தண்ணீரை டிரம்மில் ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். செத்ததுதானே என்று நினைத்தாள்.

டிரம் புகைந்தது. மூக்கில் ஊசி ஏற்றுகிற மாதிரி கந்தக வாடை. ஷெட்டுக்கு அந்த ஒரு வாசல்தான். துணி மூட்டைக்குப் பின்னால் ஜெபமணி இருமினாள்.

"அண்ணாச்சி, கண்ணு தெரியலயே!"

"தண்ணி ஊத்துங்கப்பா!" என்று முதலாளி கத்தினார். ஒருவன் மக்கோடு ஓடி வந்தான். மேடம் அதைத் தட்டிவிட்டார்.

"ஊத்தாதீங்க, இன்னும் எரியும்! அதுமேல தண்ணி படக்கூடாது. தண்ணிக்குள்ள அது போகணும். தொட்டியில தள்ளுங்க!"

சாயக் கழிவு சேருகிற தொட்டி ஷெட்டை ஒட்டியே இருந்தது. நானும் மேடமும் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு, இரும்புக் கொக்கி போட்டு டிரம்மை இழுத்தோம். சூட்டில் டிரம்மின் பெயின்ட் கொப்புளித்துக்கொண்டிருந்தது. விளிம்பில் சாய்த்து உருட்டிவிட்டோம். ஒரே சத்தம். புகை அமுங்கியது.

"தொட்டித் தண்ணியில சோடா உப்பு கலந்திருக்கு. வாடையைப் பிடிச்சுக்கும்" என்றார் மேடம், மூச்சு வாங்க.

உள்ளே போய் ஜெபமணியைத் தூக்கி வந்து காற்றில் உட்கார வைத்தோம். இருமிக்கொண்டே இருந்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"ஏ அண்ணாச்சி, செத்துப்போச்சுன்னுதான சொன்னீய?"

எனக்கு உயிர் வந்தது. முதலாளி தன் காரிலேயே அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

3. தொட்டி

அதற்கப்புறம்தான் தொட்டியைப் பார்த்தேன்.

காலையில் ஓட்டியது நேவி நீலச் சாயம். தொட்டி முழுக்க மை மாதிரி கிடந்தது. டிரம் விழுந்த இடத்தில் மட்டும் ஒரு வட்டம் வெளுத்திருந்தது. பார்க்கப் பார்க்க அது பெரிதானது. யாரும் கலக்கவில்லை. நீலம் தானாக விலகிப் போனது. நடுவில் லேசாய் மஞ்சள் ஓடிய தெளிந்த தண்ணீர். அதற்குள் டிரம்மின் வாய் தெரிந்தது. அப்படி ஒன்றை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"கலர் இறங்கலீன்னீங்களே, அம்மணி?"

"மேலாக எடுத்துத்தான் டெஸ்ட் போட்டோம் சார். அடியில நல்லாத்தான் இருந்திருக்கு."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அதிலிருந்து எங்கள் லேபில் மீந்த மருந்து எதையும் செத்தது என்று சொல்வதில்லை. தூங்குது என்போம். ஹைட்ரோஸ் மீந்தால் பெரிய டப் நிறையத் தண்ணீர் பிடித்து, சோடா போட்டு, ஒரு கரண்டி மருந்து. கலக்கு. ஆறட்டும். அப்புறம் அடுத்த கரண்டி. அவசரமே கிடையாது.

ஜெபமணி நல்லபடியாக வேலைக்குத் திரும்பினாள். லேப் வாசலைத் தாண்டும்போதெல்லாம் கேட்பாள்.

"அண்ணாச்சி, தூங்குதா, முழிச்சிருக்கா?"

"தூங்குதும்மா. நீ டிபன் பாக்ஸைக் குழாயடிக்கு எடுத்துட்டுப் போ."