அண்ணாச்சி சீன்

கொட்டாரத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவரை எனக்கு இன்றுவரை பிடிக்காது. ஆள் போய்ச் சேர்ந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. அதனால் என் எரிச்சல் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

எங்கள் பக்கமும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊரே கத்திக்கொண்டிருந்த காலம் அது. நான் பள்ளிக்கூடத்தில் படம் வரையச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். என் சிநேகிதர் ஒருவர் பாட்டும் கேலியுமாக ஒரு நாடகம் எழுதி, தானே ஆர்மோனியமும் வாசித்தார். மகளுக்குக் கல்யாணம் செய்தால் செலவாகுமே என்று வருகிற மாப்பிள்ளைகளையெல்லாம் விரட்டுகிற ஒரு கஞ்சனின் கதை. அதுவரை எங்கள் பக்கத்து நாடகங்களுக்கு நாகர்கோவிலிலிருந்து வாடகைத் திரைகள்தான் வரும். அரண்மனை, காடு, தெரு. எந்தக் கதையானாலும் அவற்றுக்குள்தான் நடக்க வேண்டும். இந்த நாடகத்துக்கென்றே புதிதாக சீன் செய்கிறேன் என்றேன். கூலி வேண்டாம், திரை தூக்குவதற்கு முன் இது இன்னார் வேலை என்று மேடையில் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றேன். சிநேகிதர் சரி என்றார்.

மூங்கில் சட்டங்களில் காடாத் துணி அடித்து, புளியங்கொட்டைப் பசையில் வர்ணப்பொடி கலக்கித் தீட்டினேன். மஞ்சள் வானம், ஊதாத் தென்னைகள், ரோஸ் சுவரோடு கோணலாக நிற்கும் கஞ்சன் வீடு, அதற்குக் கிளிப்பச்சைக் கதவு. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே வந்திருந்தது.

காடாத் துணியைக் காசு வாங்காமல் கொடுத்தவர் அந்த ஜவுளிக்கடை அண்ணாச்சி. ஒருநாள் பார்க்க வந்தார்.

“தெங்கு எங்க சாரே ஊதாவுல நிக்கி? கோட்டிக்காரத்தனமால்லா இருக்கு.”

“பாட்டு நாடகம் அண்ணாச்சி. இப்பிடித்தான் இருக்கணும்.”

“இருந்துட்டுப் போட்டும். எனக்க பேரை எழுதிப் போடும். ஆட்டம் முடியது வரை எல்லாரும் பாக்கணும். வேற ஒருத்தன் பேரும் மேடையில வரப்பிடாது. வந்தா எனக்க துணியை அவுத்துத் தந்திரணும், கேட்டேரா?”

எங்கள் பக்கத்தில் கோவிலுக்கு ஒரு விளக்கு கொடுத்தாலும், வெளிச்சத்தை மறைக்கிற அளவுக்கு ‘உபயம்’ என்று பெயர் எழுதிவிடுவார்கள். அது பழக்கம். அதற்கு நான் கோபப்படவில்லை. என் பெயரை வாயால்கூடச் சொல்லக்கூடாது என்றாரே, அதில்தான் வயிறு எரிந்தது. சிநேகிதரைப் பார்த்தேன். “அடுத்த நாடகத்துல பாத்துக்கிடலாம் மக்கா” என்று நழுவிவிட்டார்.

பெயர்தானே வேண்டும்? கஞ்சன் வீட்டு வாசலுக்கு மேலே, வெள்ளையில், கொட்டை எழுத்தில் எழுதினேன். மேடையில் கடைசிவரை நிற்பது அந்த வாசல்தான். அண்ணாச்சி ஒத்திகைக்கு வந்தவருமில்லை, கதை என்னவென்று கேட்டவருமில்லை. எழுத்தைப் பார்த்து “கொள்ளாம்” என்று திருப்தியாகத் தலையாட்டினார். சிநேகிதருக்கு வேர்த்துக் கொட்டியது. நான் சந்தோஷமாகப் பிரஷ்களைக் கழுவினேன்.

நாடகத்தன்று பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் திரை விலகியது. கஞ்சன் பச்சைக் கதவைத் திறந்து வந்து, விருந்தாளி மோரில் எவ்வளவு தண்ணீர் ஊற்றலாம் என்று பாடினான். ஜனங்கள் அவனைப் பார்த்தார்கள், அவன் தலைக்கு மேல் இருந்த பெயரைப் பார்த்தார்கள். பந்தலே அதிர்ந்தது. அண்ணாச்சியின் முகம் செத்துப்போவதைப் பார்க்கத் தட்டி மறைவிலிருந்து எட்டினேன். மனிதர் தொடையைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி, எல்லோரும் தன் பெயரைக் காட்டிச் சிரிப்பதைப் பார்த்து, எழுந்து ஒரு கும்பிடு போட்டார். கூட்டம் இன்னும் சிரித்தது. அவர் இன்னும் கும்பிட்டார். முடிவில் மேடையேறி மாலையும் வாங்கிக்கொண்டார்.

பிறகு இராஜாக்கமங்கலத்தில் நாடகம் போடக் கூப்பிட்டார்கள். ‘அண்ணாச்சி சீனும்’ கூட வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். தட்டிகளை மாட்டுவண்டியில் ஏற்றிக் கயிறு கட்டிக் கொடுத்தேன்.

சில மாதம் கழித்து, சாயாக்கடையில் பக்கத்தில் இருந்த ஒருவர் அந்த நாடகத்தைப் பற்றி ஆரம்பித்தார். என்னை அவருக்குத் தெரியாது.

“என்னா கலரு வேய், கண்ணுக்குள்ளயே நிக்கி. ஜவுளிக்கடை அண்ணாச்சி கையால வரைஞ்ச சீனாக்கும். நீரு பாக்கல்லியா?”

“அவரா வரைஞ்சாரு?”

“பின்னே? வாசல்ல பேரு போட்டிருக்குல்லா.”

சாயாக் காசை வைத்துவிட்டு எழுந்தேன். அந்தப் பெயரை அங்கே எழுதியதும் என் கைதான்.