அரசனுக்கு அவ என்ன முறை?

சுவிஸில, லாங்கன்தாலில எங்கட ஆக்களின்ர கொண்டாட்டம் எதுவெண்டாலும் மைக் என்ர கையிலதான். நான் கேக்கிறேல்லை, தாறவை. ஒருக்காத் தராமல் விட்டவை. நான் சாப்பாட்டு மேசையில இருந்துகொண்டே மைக் இல்லாமல் அறிவிச்சன். அதுக்குப் பிறகு பயத்தில தந்திடுவினம்.

அந்த மைக்கால கெட்ட கதை இது.

போன வருசம் என்ர மகளுக்குப் பள்ளிக்கூடத்தில ஃபோர்ட்ராக், வகுப்புக்கு முன்னால நிண்டு பேசவேணும். அவள் எடுத்தது பழைய மொங்கோலிய அரசன் ஒருத்தன்ர குடும்பக் கதை. குசினியில என்னை இருத்தி ஒத்திகை பாத்தாள். சின்னனிலயே அவன்ர தகப்பனைச் சாக்காட்டிப்போட்டாங்கள். தாயை வேறொருத்தன் இழுத்துக்கொண்டு போயிட்டான். நோஞ்சான் பிள்ளை, பாக்க ஆளில்லை. செத்துப்போன முந்தின அரசன்ர விதவைதான் அவனைக் கூப்பிட்டுச் சிம்மாசனத்தில இருத்தினவ. தன்னைக் கட்டக் கேட்டு வந்த பெரிய படைத்தலைவனையும் மாட்டன் எண்டு அனுப்பிப்போட்டா. பொடியனைக் கூடையில வைச்சுக் குதிரையில கட்டி, தானே படையை நடத்திக்கொண்டு சண்டைக்குப் போனவ. அவன் வளந்தாப் பிறகு ரெண்டுபேரும் புருசன் பெண்சாதியாச் சீவிச்சினம். ஏழு பொடியள், ஒரு பெட்டை. புருசன் செத்தால் அந்தக் குடும்பத்திலயே ஒருத்தரைக் கட்டுறது அங்க வழமையாம்.

எல்லாத்தையும் கேட்டுப்போட்டு நான் கேட்டது ஒண்டுதான். அரசனுக்கு அவ என்ன முறை?

மகள் தாளில கோடு கீறி எண்ணிப் பாத்து, எங்கட முறைக்குத் தகப்பன் வழி ஆச்சி மாதிரி வரும் எண்டாள். கூடையைப் பற்றி ஏதும் கேளுங்கோவன் அப்பா எண்டும் கேட்டாள். எனக்குக் கூடை காதில ஏறேல்லை. எனக்கு ஆச்சி கிடைச்சிட்டா.

அந்தச் சனிக்கிழமை ஒரு பிறந்தநாள் விழா. கேக் வரப் பிந்திப்போச்சு. நேரத்தை நிரப்பச் சொல்லி மைக்கைத் தந்தினம். நான் அரசனை எடுத்துவிட்டன். கூடை இல்லை, சண்டை இல்லை, ஆச்சியைக் கட்டின கதை மட்டும்.

"ஆச்சிக்குப் பிறந்தது அரசனுக்கு என்ன முறை? சித்தப்பா! அப்ப தொட்டிலை ஆட்டேக்க, 'சித்தப்பா அழாதையுங்கோ' எண்டெல்லோ ஆட்டவேணும்."

மண்டபம் குலுங்கிச்சு. அதோட நிப்பாட்டியிருக்கலாம். ஆர் அப்பா, ஆர் சித்தப்பா எண்டு தெரியாட்டி அது ஒரு வீடோ எண்டும் கேட்டுவைச்சன். அதுக்கு இன்னும் கூடச் சிரிச்சினம்.

மூண்டாவது மேசையில மட்டும் சிரிப்பில்லை. அதில இருந்தது என்னோட ஒரே ஃபப்ரிக்கில வேலை செய்யிற சிநேகிதன், அவன்ர மனிசி, மகள். ஊரில சண்டைக்குள்ள அவன்ர தமையன் செத்துப்போனார். கைக்குழந்தையோட நிண்ட தமையன்ர மனிசியை இவன் இஞ்ச கூப்பிட்டுக் கலியாண எழுத்து எழுதினவன். அந்தக் குழந்தைதான் மகள். அவள் இண்டைவரைக்கும் அவனைச் சித்தப்பா எண்டுதான் கூப்பிடுறவள். இது எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் கதைக்கிறேல்லை. எனக்கு மற்றவையைவிட நல்லாத் தெரியும். கெமைண்டையில, இஞ்சத்த நகரசபைக் கந்தோரில, அண்டைக்குச் சாட்சிக் கையெழுத்து வைச்சதே நான்தான்.

கேக் வர முதல் அவையள் எழும்பிப் போயிட்டினம். அடுத்த மாதம் அந்தப் பிள்ளைக்குக் கலியாணம். அதுக்கும் மைக் நான்தான் எண்டு எப்பவோ பேசி முடிச்சது. காரில வரேக்க என்ர மகள் கதைச்சது ஒரேயொரு வசனம். "கூடையை விட்டிட்டீங்கள் அப்பா."

திங்கக்கிழமை வேலையில அவன் "வணக்கம் அண்ணை" எண்டான். பிறகு கோப்பி குடிக்கிற நேரம் அல்பானியாக்காரரின்ர மேசையில போய் இருந்தான். அவனுக்கு அவையின்ர பாஷையில ஒரு சொல்லும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை அவன்ர வீட்டுக்குப் போனன். மனிசி தேத்தண்ணி தந்தா. மன்னிப்புக் கேக்கத்தான் போனனான், ஆனா வாய் திறக்க வந்தது, "மொங்கோலியாவில பாத்தியளெண்டால்..." அவ கையைக் காட்டி நிப்பாட்டினா.

"அண்ணை, கலியாணத்தில பொம்பிளையின்ர தாய் தகப்பனை மேடைக்குக் கூப்பிடுவியளெல்லோ. இவரை என்னெண்டு கூப்பிடப் போறியள்?"

அவன் தேத்தண்ணிக் கப்பைப் பாத்துக்கொண்டிருந்தான். அறைக்குள்ள இருந்து மகள்தான் சொன்னாள்.

"சித்தப்பா எண்டு கூப்பிடுங்கோ மாமா. அதோட வேற ஒண்டும் சேக்காதையுங்கோ."

மன்னிச்சிட்டம் எண்டு அந்த வீட்டில ஒருத்தரும் சொல்லேல்லை. மைக் வேண்டாம் எண்டும் சொல்லேல்லை.

கலியாணத்தண்டு எல்லாத்தையும் தாளில எழுதிக்கொண்டு போனன். பகிடி ஒண்டும் எழுதேல்லை. அந்த இடம் வந்தது. "பொம்பிளையின்ர அம்மாவையும் சித்தப்பாவையும் மேடைக்கு அழைக்கிறம்" எண்டு வாசிச்சன். அவ முன்னால, அவன் பின்னால, நடந்து வந்தினம்.

சனம் என்னைப் பாத்துது. பிறந்தநாளுக்கு வந்த அதே சனம்தான். சித்தப்பா எண்ட சொல்லைக் கேட்டவுடன முகமெல்லாம் சிரிப்புக்கு ஆயத்தம், அடுத்த வசனத்துக்குப் பாத்துக்கொண்டு இருக்கினம். பின்னால ரெண்டுபேர் பொறுக்கேலாமல் சிரிச்சும் போட்டினம்.

அதை அவையளுக்குப் பழக்கினது நான். மைக்கை நிப்பாட்டி, கையில வைச்சுக்கொண்டு, அவையள் ரெண்டுபேரும் மேடையில ஏறி முடியுமட்டும் நிலத்தைப் பாத்தபடி நிண்டன்.