நீர்மூழ்கியில் ஃபேன் கிடையாது

ஜீவமணி அண்ணாச்சியை ஊரில் பலருக்கு எடைமேடைக்காரராகத்தான் தெரியும். துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு தனியார் சரக்கு யார்டில் வேலை. லாரி ஏறி நின்றால் எடையைப் பார்த்துச் சீட்டுக் கிழித்துக் கொடுப்பார். எனக்கும் ரோச்சுக்கும் ஸைத்துக்கும் மட்டும் அவர் வேறு ஆள். அட்லாண்டிக் கடலுக்கு அடியில், கும்மிருட்டில், எங்களுக்குக் காதாக இருந்தவர். அட்லாண்டிக்கை எங்களில் ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

இருபது வருடத்துக்கு முன்னால் அவர் பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் நடத்தினார். நான் அப்போதுதான் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் சேர்ந்திருந்தேன். ஆபீசில் நெட் கிடையாது என்பதால் அங்கேதான் பழியாகக் கிடப்பேன். ஸைத் காயல்பட்டினத்திலிருந்து காலேஜுக்கு வந்துபோகிறவன். காலேஜைவிட அங்கே வந்ததுதான் அதிகம். ரோச் விசைப்படகு டிரைவர். மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் வந்து உட்கார்ந்தான். யாரோ மறந்து விட்டுப்போன ஒரு சிடியில் அந்த விளையாட்டு இருந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து நீர்மூழ்கிக் கப்பலை ஓட்டிப் போய் எதிரியின் கப்பலை டார்பிடோ போட்டு மூழ்கடிக்க வேண்டும்.

முதலில் எல்லாரையும் போலத்தான் ஆடினோம். வரைபடத்தில் எதிரிக் கப்பல்கள் சிவப்புப் புள்ளியாக நிற்கும். பக்கத்தில் போவோம், சுடுவோம், கைதட்டுவோம். இரண்டு நாள் பொறுமையாகப் பார்த்த ரோச்சுக்கு மூன்றாம் நாள் கோபம் வந்துவிட்டது.

“கடல்ல போறவனுக்கு எதுக்க வார கப்பல் எங்கன நிக்குன்னு எவம்ல புள்ளி வச்சுக் காட்டுதான்? இது கப்பலால? கேரம் போர்டு.”

அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். அண்ணாச்சி அமைப்புகளைத் தோண்டித் துருவி, நூறு சதவீத நிஜம் என்று ஒரு வசதி இருப்பதைக் கண்டுபிடித்தார். வரைபடத்துப் புள்ளிகள் போயின. வெளியிலிருந்து கப்பலைச் சுற்றிக் காட்டும் கேமரா போயிற்று. நேரத்தை வேகமாக ஓட்டும் பொத்தானைத் தொடக்கூடாது என்று சட்டம் போட்டோம். அப்படியானால் ஒரு துறைமுகத்தை விட்டுக் கிளம்பி வேட்டைக்குரிய இடத்துக்குப் போய்ச் சேர நிஜமாகவே பல நாள் ஆகும். அந்த ஒரு கம்ப்யூட்டரில் ‘ரிப்பேர்’ என்று அட்டை எழுதி மாட்டிவிட்டு ராப்பகலாக ஓடவிட்டார். வியாபாரம் உருப்படுமா? உருப்படவில்லை.

கிறிஸ்துமஸ் ஸ்டாரிலிருந்து சிவப்புத் தாளைக் கிழித்து ரோச் பல்பில் சுற்றினான். நீர்மூழ்கியில் அப்படித்தான் இருக்குமாம். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவது பாவம் என்று அவன் வளர்ந்த வளர்ப்பு. கம்ப்யூட்டர் கடலுக்கும் அதே சட்டம்தான் என்று சாதித்துவிட்டான். எனக்கு லீவு கிடைப்பதோ அந்த ஒரு நாள். நான் கத்திப் பார்த்தேன். “நூறு சதவீதம்னா நூறு சதவீதம்தான்” என்று அண்ணாச்சி அவன் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஃபேனைத்தான் பொறுக்க முடியாது. எதிரி பக்கத்தில் வந்தால் நீர்மூழ்கியில் எந்த மோட்டாரும் ஓடக்கூடாது, மூச்சுச் சத்தம்கூடக் கூடாது. அண்ணாச்சி ஹெட்போனைத் தலையில் மாட்டியதும் என்னைப் பார்த்துச் சொல்லும் முதல் வார்த்தை, “செல்வதுரை, ஃபேன ஆஃப் பண்ணுல.” தூத்துக்குடியில், மே மாதத்தில், ஷட்டரை இறக்கிவிட்டு, நாலு ஆம்பளைகள் பனியனோடு உட்கார்ந்து வியர்வையில் நனைவோம். அவர் கண்ணை மூடி, திரையிலிருக்கும் கேட்கும் கருவியின் சக்கரத்தைத் திசை திசையாக மெல்லத் திருப்பி, “கிழக்க ஒருத்தன் வாரான். சரக்குக் கப்பல். பாரமா வாரான்” என்பார். ரோச் அந்தத் திசைக்கு ஓட்டுவான். பெரிஸ்கோப்பைத் தூக்கினால் அங்கே கப்பல் நிற்கும். அந்த நிமிஷத்தில் எங்களுக்கு இருந்த கர்வம் இப்போது பதவி உயர்வு வந்தாலும் வருவதில்லை.

அதோடும் அவர் விடவில்லை. விளையாட்டில் வரும் கடல் சத்தம் தண்ணீர்த் தொட்டிச் சத்தம் மாதிரி இருக்கிறது என்று குறைப்பட்டார். தடைக்காலம் முடிந்ததும் ரோச்சின் படகில் ஏறி முத்துப்பார் பக்கம் போனார். அந்தக் காலத்தில் முத்துக் குளித்த பாறைத் திட்டு அது. ஒரு மைக்கைப் பலூனில் போட்டு இறுக்கிக் கட்டி, இன்ஜினை நிறுத்தச் சொல்லி, கயிற்றில் இறக்கினார். வழியெல்லாம் வாந்தி எடுத்தார் என்று ரோச் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான். ஆனால் பதிந்து கொண்டுவந்ததைக் கேட்டபோது நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. கடல் முழுக்கக் கடுகு வெடித்துக்கொண்டிருந்தது. சின்ன இறால்கள் பாறையில் போடும் சத்தம் என்றார். பழைய சத்தத்தை எடுத்துவிட்டு இதைப் போட்டார். அதற்குப் பிறகு எங்கள் அட்லாண்டிக்கில் முத்துப்பார்தான் கேட்டது.

பிறகு எல்லார் கைக்கும் போன் வந்தது. பிரவுசிங் சென்டரை மூடிவிட்டு அண்ணாச்சி எடைமேடைக்குப் போனார். அவர் கூண்டுக்குப் பின்னாலேயே ஜெனரேட்டர், முன்னால் லாரி ஹாரன். ஸைத் துபாய்க்குப் போய்விட்டான். இருந்தும் வருடம் தவறாமல், தடைக்காலத்துச் சனிக்கிழமை மதியங்களில், மாப்பிள்ளையூரணியில் அண்ணாச்சி வீட்டில் கூடிவிடுவோம். இரண்டு கம்ப்யூட்டரை இணைத்திருந்தார். ஒன்றில் அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கேட்பார். இன்னொன்றில் ரோச் ஓட்ட, நான் டார்பிடோக் கணக்குப் போடுவேன். ஸைத் வீடியோ காலில் வந்து, மேஜைமேல் சாய்த்து வைத்த போனிலிருந்து எங்கள் திரையைப் பார்ப்பான். சட்டம் அதே சட்டம்தான். அடுக்களையில் மிக்சிகூட ஓடக்கூடாது என்பார். “அப்ப சட்னியையும் கடல்லயே அரைச்சுக்கோங்க” என்று அவர் மனைவி சந்தனச்செல்வி அக்கா சண்டைக்கு வருவார்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் வெக்கை தாங்காமல் என் வீட்டு ஸ்டாண்டு ஃபேனைத் தூக்கிக்கொண்டு போனேன். ஏச்சு வாங்கத் தயாராகத்தான் போனேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வயசானால் மனுஷனுக்கு இரக்கம் வரும்போல என்று நினைத்துக்கொண்டேன். மிக்சி விஷயத்திலும் சண்டை நின்றுபோயிருந்தது.

இந்த வருடத் தடைக்காலத்தின் முதல் சனிக்கிழமை. விளையாட்டுக் கடலில் மூடுபனி. அண்ணாச்சி ஹெட்போனோடு இருந்தவர், “வடக்க ஒருத்தன் இருக்கான், பக்கந்தான்” என்றார். ரோச் ஓட்டிப் போய்ப் பெரிஸ்கோப்பைத் தூக்கினான். சொன்ன இடத்தில் கப்பல். நான் டார்பிடோவைத் தயார் செய்தேன். போனிலிருந்து ஸைத் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“அண்ணாச்சி, அது நங்கூரம் போட்டு நிக்குது. இன்ஜின் ஓடலை. அது எப்படிக் கேட்டிச்சு?”

ஓடாத கப்பல் அந்த விளையாட்டில் ஊமை. அதை யாராலும் கேட்க முடியாது. வரைபடத்தில் புள்ளி வைத்தால்தான் தெரியும். ரோச் அண்ணாச்சியின் திரையை எட்டிப் பார்த்தான். நானும் பார்த்தேன். சிவப்புப் புள்ளி இருந்தது.

அண்ணாச்சி ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார். “காது சரியாக் கேக்க மாட்டேங்குடே. ரெண்டு வருசமா மேப்பப் பாத்துதான் சொல்லுதேன்” என்றார். அதன்பின் எங்கள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

எனக்கு அவர்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது துக்கம்தான். புள்ளி வைத்து ஆடுவது கேவலம் என்று இத்தனை வருடம் சட்டத்தைக் கட்டிக் காத்த மனுஷன், எங்களோடு உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதற்காக அந்தக் கேவலத்தைச் செய்திருக்கிறார்.

அடுத்த வாரம் போன் செய்தோம், எடுக்கவில்லை. மார்க்கெட்டில் சந்தனச்செல்வி அக்காவைப் பார்த்தேன். டாக்டர் காதுக்கு மெஷின் கொடுத்திருக்கிறாராம். அதன்மேல் ஹெட்போன் மாட்டினால் கீச்சென்று கத்துகிறதாம். முதலில் முத்துப்பார்ச் சத்தம்தான் அவருக்குக் கேட்காமல் போயிருக்கிறது. ஃபைல் அழிந்துவிட்டது என்று இரண்டு நாள் தேடினாராம். அப்புறம் ஒருநாள் அடுக்களையில் அக்கா தாளிக்கும்போது பக்கத்தில் வந்து நின்றிருக்கிறார். சட்டியில் கடுகு துள்ளியிருக்கிறது, சத்தம் மட்டும் இல்லை. இப்போது கம்ப்யூட்டரை விற்றுவிடச் சொல்கிறாராம். நான் ரோச்சிடம் போய் அப்படியே சொன்னேன்.

சனிக்கிழமை மதியம் அவன் ஆலந்தலையிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினான். அங்கே அவன் மச்சான் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறான். கோயில் திருவிழாவுக்கு வைக்கும் பெரிய ஸ்பீக்கர் ஒன்றைப் பெட்டியிலிருந்து கழற்றி, ஆம்ப்ளிபயரோடு கொண்டுவந்திருந்தான். கூடவே நீளமாக ஒரு பலகை. என்னையும் வரச்சொல்லியிருந்தான். அண்ணாச்சி கதவைத் திறந்தார், உட்காரச் சொன்னார், அதோடு சரி. ரோச் அவரைக் கேட்காமலேயே மேஜைக்கடியில் ஸ்பீக்கரை மல்லாக்க வைத்து, அதன் விளிம்பில் பலகையைப் பொருத்தி, அண்ணாச்சியின் கம்ப்யூட்டரில் ஒயரை மாட்டினான். வெக்கை தாளாமல் நானும் அங்கேயே கிடந்த என் ஃபேனை இழுத்து வைத்துக்கொண்டேன்.

“பொய் சொன்னவன் சொல்லுத திசைய நம்பி எப்படிலே ஓட்டுவ?” என்று அண்ணாச்சி கேட்டார்.

“மேப்புல புள்ளிய ரெண்டு கம்ப்யூட்டர்லயும் ஆஃப் பண்ணிட்டேன். நீங்க சொல்லலைன்னா நான் குருடன். அண்ணாச்சி, போட்டுல இன்ஜின் போடுத இரைச்சல்ல எனக்குக் காது என்னைக்குக் கேட்டிருக்கு? பின்னால தண்ணிக்குள்ள விசிறி சரியாச் சுத்துதா இல்லையான்னு காலுலதான் பாப்பேன். வெறுங்கால இந்தப் பலகைல வைங்க.”

அவர் உட்கார்ந்து, வெறும் பாதங்களைப் பலகைமேல் வைத்தார். சக்கரத்தை அவர் இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். ஒன்றுமில்லை. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன். இதுவும் பலிக்காவிட்டால் இந்த மனுஷன் இனி எங்களோடு உட்கார மாட்டார். ரொம்ப நேரம் கழித்து அவர் கட்டைவிரல் பலகையில் மெல்லத் தட்டத் தொடங்கியது.

“தெற்க இருக்கான்” என்றார். “ஒத்தக் கப்பல். மெதுவா வாரான்.”

ரோச் திருப்பினான். பெரிஸ்கோப்பில் தொலைவில் ஒரு புகை. ரோச் சிலுவை போட்டுக்கொண்டான். நான் அழுதுவிடுவேன்போல இருந்தது. ஆனால் அண்ணாச்சியின் நெற்றி சுருங்கியது. இன்னொன்று இருக்கிறது என்றார். சக்கரத்தை எங்கே திருப்பினாலும் அது குறையவில்லையாம், ஒரே மாதிரி அதிர்கிறதாம். அப்படி ஒரு கப்பல் உலகத்தில் கிடையாதே என்று நாங்கள் முழித்தோம். அவர் கண்ணைத் திறந்து பலகையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார். அந்த முனையில், பலகைமேல் கால் பதித்து, என் ஸ்டாண்டு ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

“செல்வதுரை, நீர்மூழ்கிக்குள்ள எவம்ல ஃபேன் வச்சான்? ஆஃப் பண்ணுல.”

எழுந்துபோய் அணைத்தேன். இரண்டு வருடமாக அந்த ஏச்சுக்காகத்தான் நான் ஏங்கியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. நெற்றி வியர்வை வழிந்து கண்ணில் இறங்கியது. துடைத்துக்கொள்ள வசதியாகப் போயிற்று. அடுக்களையில் ஓடிக்கொண்டிருந்த மிக்சி, யாரும் சொல்லாமலேயே நின்றது.