சனிக்கிழமைக் கண்

உத்திரமேரூர் அரிசி ஆலையை விட்டு மாகறல் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். ஆலையில் சண்டை ஒன்றுமில்லை. ஓரிடத்தில் ரொம்ப நாள் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். மாகறலில் அறுவடை மெஷின் வைத்திருந்தவர் டிரைவர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். ஒரு நிபந்தனைதான்.

"உனக்கு சுகர் கீது. கண்ண காட்டிக்கினு வா, அப்பால வண்டியத் தொடு. முன்ன இருந்தவன் கெணத்து மேலயே ஏத்தப் பாத்தான்."

வழியில் ஒரு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கண் முகாம். வரிசையில் உட்கார்ந்தேன். கண்ணுக்குள் படமெடுக்கும் கேமரா. படம் தெளிவா இல்லையா என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடும். பச்சை வந்தால்தான் படம் காஞ்சிபுரத்து டாக்டருக்குப் போகும்.

எனக்குச் சிவப்பு. மறுபடியும் சிவப்பு.

"சிமிட்டாதீங்கண்ணே," என்றாள் படமெடுக்கும் பெண். லென்ஸைத் துடைத்தாள், ஜன்னலைச் சாத்தினாள். அப்போதும் சிவப்புதான். எனக்கு முன்னால் போன ஆண்களுக்கும் அதே கதை. பெண்களுக்கெல்லாம் பச்சை.

"மெசினுகூட நம்ம பக்கந்தான் கீது," என்று ஒரு அக்கா சிரித்தாள்.

அவள் பக்கத்திலிருந்தவள் ஆம்பளைகள் எங்கள் தலைகளைப் பார்த்தாள். "இன்னாத்துக்கும்மா பேஜாரு? இன்னிக்கு சனிக்கெயம. எண்ண தேச்சி முழுவிட்டு, கண்லயும் ரெண்டு சொட்டு வுட்டுக்கினு வந்து குந்திக்கினு கீதுங்க!"

"கண்ணுலயா? எண்ணெயா?" என்றாள் படமெடுக்கும் பெண்.

"சூடு தணியத்தான்," என்றேன். வாராவாரம் செய்வது, இதைப் போய் யார் சொல்லிக்கொண்டிருப்பார்கள்?

அவள் எங்கள் எல்லோரையும் குழாயடிக்கு விரட்டினாள். "வுட்ட எண்ணைய வெளிய எடுக்கச் சொல்றா பாரு," என்று ஒரு பெரியவர் முனகிக்கொண்டே முகம் கழுவினார்.

எனக்குக் கோபமில்லை. மங்கலான படத்தைப் பார்த்து 'நல்லா இருக்கு' என்று அந்தக் கம்ப்யூட்டர் சொல்லியிருந்தால், அதை நம்பி நானும் வண்டி ஏறியிருப்பேன். தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்லும் மேஸ்திரியை நான் எந்த வேலையிலும் பார்த்ததில்லை.

கண் தெளியும்வரை நிழலில் உட்கார்ந்திருந்தோம். பிறகு வலது கண்ணுக்குப் பச்சை வந்தது. இடதுக்கும் வந்தது. டீ குடித்து முடிப்பதற்குள் டாக்டரின் பதிலும் வந்துவிட்டது: சுகர் இன்னும் கண்ணுக்குள் போகவில்லை, அடுத்த வருடம் திரும்பக் காட்டவும்.

மறுநாள் காலை மாகறலில் மெஷின் மேல் ஏறினேன். முதலாளி கீழே நின்று தூரத்து வரப்பைக் காட்டினார்.

"அங்க இன்னா தெரியுது?"

"கொக்கு. ஒத்தக் கால்ல நிக்கிது."

"அத்த மிதிக்காம ஓட்டு, போ."

சாவியைத் திருப்பினேன்.