ஒற்றைக் கேமரா

எங்கள் பக்கம் நிச்சயதார்த்தத் தட்டில் முன்பெல்லாம் மாப்பிள்ளைக்குக் கைக்கடிகாரம் வைப்பார்கள். இப்போது அந்த இடத்தில் போன். யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. யாரும் வைக்காமல் விடுவதும் இல்லை.

நான் கடலூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்ட்ருமென்டேஷன் பிரிவில் வேலை செய்கிறேன். எதை வாங்கினாலும் பக்கம் பக்கமாக எழுதி ஒப்பிட்டுப் பார்ப்பேன். என் நிச்சயத்துக்கான போனையும் அப்படித்தான் தேர்ந்தெடுத்தேன். விலை உயர்ந்த போன்களுக்குப் பெயர்போன ஒரு நிறுவனம், நம்மைப் போன்ற நாடுகளை மனதில் வைத்து மலிவான மாடல் ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. சிப், பெரிய மாடலில் உள்ளதேதான். அப்டேட் வரும் காலமும் அதேதான். பேட்டரி மலிவானதில் சற்று அதிகமாகவே நின்றது. பின்பக்கம் மட்டும் மூன்று கேமராவுக்குப் பதில் ஒன்று. கண்ணாடிக்குப் பதில் பளிச்சென்ற நிறத்தில் பிளாஸ்டிக்.

"இப்படி எறங்கி வந்தா கம்பெனி பேரு கெட்டுடும்" என்று சொன்ன சக ஊழியரிடம் நான் சண்டையே போட்டிருக்கிறேன். நல்ல சிப் பணக்காரர் பையில் மட்டும்தான் இருக்க வேண்டுமா?

அப்பா பெரிய மாடலைத் தவணையில் எடுக்கலாம் என்றார். நான் தடுத்தேன். மாப்பிள்ளை சிதம்பரத்துக்காரர், சென்னையில் வேலை. அவரையும் போனில் கேட்டேன்.

"பெருசுலாம் எதுக்கு? உள்ள ஒண்ணுதான்னு நீயே சொல்ற. இதையே எடு. அந்த மஞ்ச கலர் சூப்பரா இருக்கு" என்றார்.

காரணம் சொன்னால் கேட்கிற மனிதர் என்று சந்தோஷப்பட்டேன். இவருடன் வாழலாம் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது அந்தப் பேச்சில்தான். கல்யாணம் தையில், திருவந்திபுரத்தில் என்று முடிவானது.

நிச்சயம் முடிந்து சில வாரம் கழித்து, சிதம்பரத்தில் அவருடைய அக்கா மகளுக்குக் காதுகுத்து. நானும் அப்பாவும் போயிருந்தோம். சாப்பாடு முடிந்து ஆண்கள் பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்பா அவர்களுக்குப் பின்வரிசையில் இருந்தார். அப்பாவுக்கு வெந்நீர் எடுத்துக்கொண்டு நான் வந்தபோது, அக்காவின் கணவர் அந்த மஞ்சள் போனைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"என்னா மச்சான், ஒத்தக் கண்ணு போனு? மாப்ள ரேஞ்சு அவ்ளோதானா?"

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார்.

"நானா கேட்டேன் மாமா? அவுங்களுக்குத் தெரிஞ்சது அவ்ளோதான். குடுத்ததத் திருப்பியா குடுக்க முடியும்?"

அப்பாவுக்குக் கேட்டுவிட்டது. பந்தல் துணியில் ஏதோ கிழிசலைத் தேடுகிறவர் போல மேலே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெந்நீரை அவரிடம் கொடுத்துவிட்டு, மாப்பிள்ளையைத் தனியே கூப்பிட்டேன்.

"நீங்கதான இத எடுக்கச் சொன்னீங்க?"

"அதுக்கு? மாமா முன்னாடி அதச் சொல்ல முடியுமா? ஜாஸ்தி யோசிக்காத. அவரு எல்லாரையும் கலாய்ப்பாரு."

அந்த நிறுவனத்தின் மீதும் எனக்குக் கோபம் வந்தது. பேட்டரி அளவிலிருந்து எடை வரை எல்லாவற்றையும் வெளியிட்டிருந்தார்கள். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அந்தப் பளிச்சென்ற மஞ்சள், போனைக் கையில் வைத்திருப்பவருக்காகப் பூசப்பட்டதல்ல, எதிரில் நிற்பவருக்காக. பத்தடி தள்ளி நின்றாலும் இது மலிவானது என்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பெரிய மாடலை யார் வாங்குவார்கள்? பிளாஸ்டிக்கைக் கறுப்பிலும் வார்க்கலாம். எந்தப் பொறியியல் காரணமும் அதற்குத் தடையில்லை. மலிவாக விற்கட்டும், இப்போதும் அதைத்தான் சொல்வேன். விற்றுவிட்டு வாங்கியவர் முதுகில் முத்திரை குத்தக் கூடாது. நான் உள்ளே இருப்பதை மட்டும் படித்தேன். அவர்கள் என்னைவிட நன்றாக ஊரைப் படித்திருந்தார்கள்.

ஆனால் நிறுவனம் எனக்கு எந்த வாக்கும் கொடுத்ததில்லை.

கடலூர் பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்தார். முட்லூர் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"நான்தான் புடிவாதமா பெருசே எடுத்துருக்கணும். மாப்ள மேல தப்பு இல்ல. நாலு பேரு கிண்டல் பண்ணா அவரு என்னா பண்ணுவாரு?"

அப்போதுதான் மாப்பிள்ளையிடமிருந்து எனக்குச் செய்தி வந்தது. மஞ்சளை எடுக்கச் சொன்னது அவர்தானாம், அதனால் பெரிய மாடலை அவரே வாங்கிக்கொள்வாராம். பெண் வீட்டில் மாற்றிக் கொடுத்தார்கள் என்று மாமாவிடம் சொல்லிவிடுவாராம். நானும் அப்படியே சொல்ல வேண்டும். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். கடைசியில் ஒரு சிரிக்கும் பொம்மை.

நல்லெண்ணத்தோடு அனுப்பியிருந்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. செலவு செய்து ஒரு பொய்யைக் கட்ட அவரால் முடிகிறது. 'நான்தான் எடுக்கச் சொன்னேன்' என்று மாமாவிடம் சொல்ல மட்டும் முடியவில்லை. நாளைக்கு வேலை, வீடு, குழந்தை என்று நாங்கள் சேர்ந்து எடுக்கிற ஒவ்வொரு முடிவும், யாராவது சிரித்தால் என்னுடையது மட்டும் ஆகிவிடும். என் அப்பாவுடையதும் ஆகிவிடும்.

அப்பாவிடம் போனை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். மறுபடி மேலே தள்ளிப் படித்தார்.

"அப்ப, அவருகிட்ட கேட்டுட்டுதான் எடுத்தியா?"

"ஆமாம்ப்பா. கலரும் அவரு சொன்னதுதான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க எல்லார்கிட்டயும் அதப் பெருமையாச் சொல்லிட்டு இருப்பீங்க. அவரே கேட்டு வாங்குன மாதிரி ஆயிடும்னு விட்டுட்டேன்."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "உனக்கு என்னா தோணுது?"

"நிறுத்திடலாம்ப்பா."

ஆலப்பாக்கத்தில் கூட்டம் ஏறியது. ஒரு அம்மா தன் கூடையை எங்கள் காலடியில் தள்ளிவிட்டு நின்றாள். அப்பா காலை ஒதுக்கிக்கொண்டார். பிறகு தன் தம்பிக்குப் போன் போட்டார். திருவந்திபுரத்தில் மண்டபம் பேசி வைத்தவர் சித்தப்பாதான்.

"மண்டபம் வேணாம்னு சொல்லிடுப்பா. இல்ல, தேதி மாத்தல. வேணாம்தான்." அந்தப் பக்கம் சத்தம் எங்களைச் சுற்றி நின்றவர்களுக்கே கேட்டது. அப்பா குரலை உயர்த்தவில்லை. "பாப்பா மேல பழியெல்லாம் போட வேணாம். நான்தான் முடிவு பண்ணேன்னு எல்லார்கிட்டயும் சொல்லு."